கள்ளியும் சாயமும்



சில வாரங்களுக்கு முன் ஜொகூர் பாருவில் நம்மவர் ஒருவரின் பழக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளைஞர், சிவந்த தோலும் பச்சைச் செதிலுமாக அடுக்கியிருந்த பழங்களைக் காட்டி, "நானா, இது எந்த மரத்துப் பழம்?" என்று கடைக்காரரைக் கேட்டார். "பூவா நாகா, தம்பி. குளுவாங் தோட்டத்துச் சரக்கு" என்றார் அவர். "அது மரத்துப் பழமல்ல, கள்ளிப் பழம்" என்று நான் சொன்னதும் இருவருமே சிரித்துவிட்டனர். கள்ளியாவது, கிலோக் கணக்கில் விற்பதாவது! ஆயினும் நான் சொன்னது உண்மையே. நமது ராமநாதபுரம் சீமையில் வேலியோரம் முள்ளும் முரடுமாய் நிற்கும் சப்பாத்திக்கள்ளிக்கும், இந்நாட்டில் தட்டில் வைத்து விருந்தாளிக்கு அளிக்கும் பூவா நாகாவுக்கும் குடும்பம் ஒன்றுதான். சப்பாத்திக்கு நம் ஊரில் நாகதாளி என்றொரு பெயர் இருப்பதையும் நினைத்துப் பாருங்கள். அங்கே நாகம் பாம்பு. மலாய்க்காரருக்கு நாகா என்பது சீனர் கதைகளில் வரும் பறவைநாகம். பெயர் வைத்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனாலும் இருவர் கண்ணிலும் அதே வளைவும் செதிலும் பட்டிருக்கின்றன.

இக்கள்ளியைப் பற்றி வியாபாரிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய சங்கதிகள் சில உள. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

தமிழில் நாம் கள்ளி என்று அழைப்பவை எல்லாம் ஒரே இனம் அல்ல. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவற்றை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை, நம் நாட்டுக்குச் சொந்தமானவை. சப்பாத்தியை ஒடித்தால் பால் வராது, கொழகொழப்பான நீரே வரும். அதன் முட்கள், சிறு திண்டு போன்ற ஒரு புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தத் திண்டு எங்கே உண்டோ அதுவே மெய்யான கள்ளி. ஆங்கிலத்தில் காக்டஸ் என்பது இதைத்தான். இந்த மெய்க்கள்ளிகள் அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. ஒரே ஒரு விலக்கு: மரக்கிளைகளில் நூல்நூலாய்த் தொங்கும் முள்ளில்லாத சிறு கள்ளி ஒன்று ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. மற்றபடி கொலம்பஸ் 1492-ல் கடல் கடப்பதற்கு முன் அரபு நாட்டிலோ இந்தியாவிலோ ஒரு கள்ளிகூட இருந்ததில்லை. சினிமாப் படங்களில் அரபுப் பாலைவனம் என்று காட்டி, ஒட்டகத்தின் பின்னால் உயரமான கள்ளி ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். அது சுத்தப் பிழை. ஹஜ்ஜுக்குச் சென்றவர்களில் சிலர் தாயிப் நகரத்துப் பர்ஷூமிப் பழத்தை உண்டிருப்பார்கள். அதுவும் சப்பாத்தி வகைதான். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியதே.

படங்களில் காணும் அந்த உயரமான கள்ளி எது? அதன் பெயரைச் சகுவாரோ என்று எழுதுவர். அந்நாட்டார் 'சவாரோ' என்று சொல்லுவர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும், அதையடுத்த மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும் மட்டுமே அது காடாக நிற்கிறது. நாற்பது அடி உயரம் சாதாரணம். நூற்றைம்பது, இருநூறு வருஷம் உயிரோடிருக்கும். ஆனால் பொறுமை என்றால் இதனிடம் கற்க வேண்டும். முதல் எட்டு வருஷத்தில் அது வளர்வது ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம். பூக்கத் தொடங்க முப்பத்தைந்து வயதாகும். மனிதர் கை தூக்கி நிற்பது போன்ற அதன் கிளைகள் முளைக்க ஐம்பது முதல் எழுபத்தைந்து வருஷம். வறண்ட இடமாயின் நூறும் ஆகலாம். நம்மில் ஒருவர் கடை தொடங்கிய அன்று முளைத்த செடி, பேரன் கல்லாவில் உட்காரும் காலத்தில்தான் கை நீட்டும்.

மழை குறைந்த அந்தப் பூமியில் அது பிழைக்கும் விதத்தைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். அரிசோனாவின் தூசான் நகரில் ஆண்டு மழை ஏறக்குறைய 300 மில்லிமீட்டர். வானம் பொய்க்கும் சீமை என்று பெயர் பெற்ற நம் ராமநாதபுரத்தில்கூட 800 மில்லிமீட்டர் அளவு பெய்கிறது. நாம் குடியிருக்கும் ஜொகூர் பாருவிலோ 2,500 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஆக, சவாரோவுக்கு வரவு மிகக் குறைவு. அதுவும் வருஷத்தில் இரண்டு தவணையாக வருகிறது, குளிர்காலத்தில் கொஞ்சம், கோடைக்காற்று மழையில் கொஞ்சம். வந்த அன்றே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக அதன் வேர்கள் ஆழம் போவதில்லை. நடு ஆணிவேர் ஒன்று இரண்டு மூன்று அடி இறங்கும். மற்றவை மண்ணுக்குக் கீழே சில அங்குலத்திலேயே, மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் நாலாபுறமும் பரவிக் கிடக்கும். மேல்மண் நனைந்த மாத்திரத்தில் நீரை உறிஞ்சிவிடும். வாங்கிய சரக்கை வைக்கக் கிடங்கு வேண்டுமல்லவா? அதன் தண்டு கொசுவம் வைத்த சேலை போல மடிப்பு மடிப்பாக இருக்கிறது. நீர் ஏற ஏற மடிப்பு விரியும். செலவாகச் செலவாகச் சுருங்கும். நீர் நிரம்பிய பெரிய மரம் சில டன் எடை இருக்கும். உள்ளே மூங்கில் கழிகள் போன்ற விலா எலும்புகள் வட்டமாக நின்று அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன.

செலவிலும் அது கருத்துள்ளது. இலை இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகிப் போகும். ஆகவே இலைகளை முள்ளாக்கிவிட்டது. முள் மாட்டைத் தடுப்பதோடு நிற்கவில்லை, தண்டுக்குச் சிறிது நிழலும் தருகிறது. தோலுக்கு மெழுகுப் பூச்சு. எல்லாவற்றிலும் விசேஷம் அது மூச்சு விடும் நேரம். மற்ற செடிகள் பகலில் தம் தோலிலுள்ள நுண்துளைகளைத் திறந்து கரிக்காற்றை உட்கொள்ளும். அப்போதே நீரையும் இழக்கும். கள்ளியோ பகலெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இரவில் வாங்கிய கரிக்காற்றைப் புளிப்பு அமிலமாக்கி உள்ளே வைத்து, மறுநாள் வெயில் வந்ததும் அதிலிருந்து உணவு சமைத்துக்கொள்கிறது. இரவில் கொள்முதல், பகலில் சமையல்.

அதன் வெள்ளைப் பூவும் இரவில்தான் மலரும்; மறுநாள் நண்பகலுக்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் வௌவால், புறா, தேனீ ஆகியவை வந்து மகரந்தம் மாற்றியாக வேண்டும். ஜூன் மாதத்தில் சிவந்த பழம் கனியும். ஒரு பழத்தில் சுமார் 2,000 விதை. அப்பகுதியின் ஆதிக்குடிகளான தொஹோனோ ஓதாம் மக்கள், செத்த சவாரோவின் விலாக்கழிகளையே நீளமாக இணைத்துத் துறட்டியாக்கிப் பழம் பறித்துப் பாகு காய்ச்சுவர். மரங்கொத்தி அதன் தண்டில் பொந்து குடைந்து கூடு கட்டும். அது காலி செய்தபின் சிற்றாந்தை குடியேறும். இத்தனை பேருக்கு இடங்கொடுக்கும் மரத்தை வெட்டவோ பெயர்க்கவோ அரிசோனாவில் சர்க்கார் அனுமதி வேண்டும். 1982-ல் ஒருவன் வேடிக்கைக்காகத் துப்பாக்கியால் ஒரு சவாரோவைச் சுட்டுக்கொண்டே இருந்தான். அறுந்த கிளை அவன் மேலேயே விழுந்து அவன் மாண்டான். இப்போதோ மரத்துக்கே கஷ்ட காலம். 2023 கோடையில் பீனிக்ஸ் நகரில் 31 நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கும் மேலாக உஷ்ணம் நின்றது, இரவும் குளிரவில்லை. இரவில் மூச்சு விடும் செடி இரவும் வெந்தால் என் செய்யும்? அவ்வூரில் பல சவாரோக்கள் கிளை முறிந்தும் அடியோடு சாய்ந்தும் போயின.

பாலைவனத்துக் குடும்பம் மழை நாடாகிய ஜொகூரில் எப்படி விளைகிறது என்று கேட்பீர்கள். பூவா நாகாவின் தாயகம் பாலைவனம் அல்ல. மத்திய அமெரிக்காவின் காடுகள். மரத்தைப் பற்றி ஏறும் கொடிக்கள்ளி அது. அதனால்தான் தோட்டத்தில் கல்தூண் நட்டு ஏற்றிவிடுகிறார்கள். ஆயினும் இரவில் பூப்பது, தண்டில் நீர் சேர்ப்பது ஆகிய குடும்ப குணங்கள் மாறவில்லை. ஓயாத மழை அதற்கும் ஆகாது. தண்டில் சொறி விழுந்து அழுகும் பூசண நோய் இந்நாட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பெருத்த நஷ்டம் உண்டாக்கியிருக்கிறது. வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்து வைத்த செடி இன்று பெரும் ஏற்றுமதிச் சரக்கு. அங்கே பருவமில்லாக் காலத்தில் தோட்டம் முழுதும் இரவில் மின்விளக்கு எரித்து, பகல் நீண்டது போல் செடியை ஏமாற்றிப் பூக்கச் செய்கிறார்கள்.

இனி நமது தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். சப்பாத்தி ஏன் நம் ஊருக்கு வந்தது? வேலிக்கு என்பர் சிலர், அதுவும் உண்டு. ஆனால் சர்க்கார் முனைந்து அதை வளர்த்ததற்குக் காரணம் வேறு. சிவப்புச் சாயம்!

மெக்சிகோ நாட்டுச் சப்பாத்திக்கள்ளியின் மேல் ஒரு சிறு பூச்சி வாழ்கிறது. கொச்சினீல் என்று அதற்குப் பெயர். சிறகில்லாத பெண் பூச்சி, தண்டில் ஊசி போன்ற வாயைச் செருகிய இடத்திலேயே காலமெல்லாம் ஒட்டிக் கிடக்கும். நசுக்கினால் இரத்தம் போன்ற சிவப்பு. மழைக்காலத்தில் நம் ஊர்ச் செம்மண்ணில் ஓடும் தம்பலப்பூச்சியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது வேறு. உலர்ந்த பூச்சி 70,000 சேர்ந்தால்தான் ஒரு ராத்தல். பட்டிலும் கம்பளியிலும் அந்தச் சிவப்புக்கு இணையில்லை. ஆங்கிலப் படை அதிகாரிகளின் செஞ்சட்டை அதில் தோய்ந்ததே. ஸ்பானியர் இவ்வியாபாரத்தை இருநூறு வருஷத்துக்கு மேல் தம் கைக்குள்ளேயே வைத்திருந்து, பூச்சி வெளியே போகாமல் காவல் காத்தனர். 1777-ல் தியெரி என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் ஓஹாக்கா வரை மாறுவேடக்காரர் போலப் போய், பூச்சி ஒட்டிய கள்ளியைத் திருட்டுத்தனமாகக் கடத்தி வந்தார். மற்ற நாட்டாருக்கும் ஆசை பிறந்துவிட்டது.

பூச்சியிலிருந்து சிவப்பு எடுப்பது நம் கீழ்நாட்டாருக்குப் புதிதன்று. அரக்குப் பூச்சியின் சாயம் இந்தியாவில் பழையது. அரபிகளும் ஒருவகைப் பூச்சிச் சாயத்தைக் கிர்மிஸ் என்று விற்றனர். நம் 'கிருமி'யோடு உறவுள்ள சொல் அது. ஆங்கிலேயர் சிவப்புக்குச் சொல்லும் கிரிம்ஸன், கார்மைன் என்ற சொற்கள் அதிலிருந்தே பிறந்தவை. நமது மூதாதையரான மரைக்காயர் வியாபாரிகள் சோழமண்டலக் கரையிலிருந்து இந்த மலாய்த் தீவுகளுக்கு ஏற்றி வந்த சிவப்புத் துணிகளோ, ராமேசுவரம், மன்னார் பக்கத்து மணலில் தோண்டிய சாயவேரில் தோய்த்தவை. பருத்திக்குச் சாயவேர் போதும். கும்பினியார் நாடியது ஐரோப்பாவின் கம்பளிச் சந்தையை.

1786-ல் சென்னையில் கும்பினியாரின் தலைமை வைத்தியராயிருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், புல்லில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைக் கண்டு, கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார். லண்டனிலிருந்த சர் ஜோசப் பேங்க்ஸ் என்ற பெரிய தாவர சாஸ்திரிக்குக் கடிதத்தின் மேல் கடிதம் எழுதினார். 1788-ல் அக்கடிதங்களை அச்சிட்டும் வெளியிட்டார். மாதிரியைச் சாயக்காரர் சோதித்துப் பார்க்கையில், அது வேறு பூச்சி, சரக்குக்கு ஆகாது என்று தெரிந்தது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. பூச்சி பின்னால் வரட்டும், அதற்குத் தீனி முன்னால் தயாராகட்டும் என்று, சைதாப்பேட்டையில் கும்பினிச் செலவில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கள்ளிக் கன்றுகள் கப்பலேறி வந்தன. அவருடைய மருமகன் டாக்டர் பெர்ரி தோட்டத்தைக் கவனித்தார். இன்று சைதாப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள், அங்கே ஒரு காலத்தில் சர்க்கார் சம்பளத்தில் கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்றால் நம்புவார்களா?

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசில் நாட்டு ரியோ துறைமுகத்தில் பூச்சி ஒட்டிய கள்ளிகளைச் சேகரித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வழியில் செத்தவை போக எஞ்சியவை பெருகின; அதே ஆண்டில் சென்னைக்கும் வந்து சேர்ந்தன. நாட்டில் முன்பே பரவியிருந்த, ஒற்றை முள் கொண்ட சப்பாத்தியின் மேல் விட்டதும் பிரமாதமாகப் பெருகின. ஆனால் சரக்கு லண்டன் போனதும் குட்டு வெளிப்பட்டது. மெக்சிகோக்காரர் பல தலைமுறையாகப் பேணி வளர்த்த உயர்ந்த சாதிப் பூச்சி பருமனானது. மேலே மெல்லிய மாவு மட்டும் பூத்திருக்கும். ரியோவிலிருந்து வந்ததோ காட்டுச் சாதி. உடல் சிறிது, மேலே பஞ்சு அதிகம், சாயம் சொற்பம். பெயர் ஒன்று, தரம் வேறு. துறைமுகத்திலேயே மாதிரியை நசுக்கிப் பார்க்கும் ஒரு சாயக்காரனைக் கூட அழைத்துச் சென்றிருந்தால் இத்தனை வருஷப் பாடும் பணமும் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம்.

விற்காத சரக்கு கிடங்கில் தூங்கும். உயிருள்ள சரக்கு தூங்குமா? சாயத்துக்கு உதவாத பூச்சி, கள்ளியைத் தின்பதில் மட்டும் குறை வைக்கவில்லை. ஒற்றை முள் சப்பாத்தி ஊர் ஊராகக் காய்ந்து விழுந்தது. இதைக் கண்ட சிலருக்கு வேறு யோசனை தோன்றியது. 1836-ஐ அடுத்து, கள்ளியை ஒழிக்கவே இப்பூச்சியைத் தென்னிந்தியாவில் எடுத்துப் பரப்பினார்கள். 1863 அளவில் இலங்கைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். களையை அழிக்க ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பூச்சியை அனுப்பி வெற்றி கண்ட முதல் சம்பவம் என்று சாஸ்திரிகள் இதனைக் குறிப்பிடுகிறார்கள். வியாபாரத்தில் தோற்ற சரக்கு, விவசாயத்தில் சரித்திரம் படைத்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. கொத்து முள்ளும் மஞ்சள் பூவும் உள்ள மற்றொரு சப்பாத்தி இருந்தது. நாம் நாகதாளி என்பது அதைத்தான். இந்தப் பூச்சி அதைத் தொடுவதே இல்லை. ஆகவே அது தடையின்றிப் பரவி, மேய்ச்சல் நிலத்தையும் ஊர்ப் பொதுவையும் பிடித்துக்கொண்டது. ஒரு மடலை வெட்டி எறிந்தால் விழுந்த இடத்தில் வேர்விடும். வெட்டுவது விதைப்பதற்குச் சமம். கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து கொச்சினீல் இனத்தின் வேறொரு பூச்சியை வரவழைத்துச் சென்னை மாகாணத்தில் விட்டார்கள். இது நாகதாளிக்கென்றே பிறந்தது. மடல்களில் வெள்ளைப் பஞ்சு போல் திட்டுத் திட்டாகப் படிந்து, குஞ்சுகள் காற்றில் மிதந்து அடுத்த புதருக்குப் போய், சில வருஷங்களில் பெரும் பரப்பைச் சுத்தமாக்கிவிட்டது. இன்று ஊரில் ஆங்காங்கே நிற்கும் புதர்கள் தப்பிப் பிழைத்தவையே. ஊருக்குப் போகிறவர்கள் மடலில் பஞ்சுத் திட்டைக் கண்டால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். 1795-ல் சென்னையில் எதிர்பார்த்த சிவப்பின் ஏழைச் சொந்தக்காரன் அங்கே இருப்பான். சிறு வயதில் நாங்கள் நாகதாளிப் பழத்தை மண்ணில் புரட்டிப் பூமுள் நீக்கி, நடுவில் இருக்கும் தொண்டைமுள்ளையும் எடுத்தெறிந்து தின்போம். நாக்கு ஒரு நாள் முழுதும் சிவந்திருக்கும். உம்மாவிடம் பொய் சொல்ல வழியே இல்லை.

ஆஸ்திரேலியாவின் கதையும் இப்படித்தான். 1788-ல் முதல் கப்பல்களில் குடியேறியவர்கள் இதே சாய ஆசையால் ரியோவிலிருந்து சப்பாத்தியை எடுத்துச் சென்றனர். பின்னர் வந்து சேர்ந்த வகைகளும் கூடி, 1925-க்குள் சுமார் ஆறு கோடி ஏக்கரைக் கள்ளி விழுங்கிற்று. அர்ஜெண்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்த பிறகே நிலம் மீண்டது. குவீன்ஸ்லாந்தில் அந்தப் பூச்சியின் பெயரால் மக்கள் ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள்.

1870-க்குப் பின் ரசாயனச் சாயங்கள் மலிந்து கொச்சினீல் வியாபாரம் படுத்தது. இறந்துவிட்டது என்று எண்ணிய அச்சரக்கு, இன்று நம் கடை அலமாரிகளுக்கே வந்திருக்கிறது. உணவுப் பண்டங்களுக்கு இயற்கைச் சாயம் வேண்டும் என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கியதும், பெரு நாடு இப்பூச்சியை ஏராளமாக வளர்த்து ஏற்றுமதி செய்கிறது. சிரப், மிட்டாய், தயிர்ப் பானம், உதட்டுச் சாயம் முதலியவற்றின் உறையில் கார்மைன் என்றோ, கொச்சினீல் என்றோ, 120 என்ற எண்ணோ இருந்தால், அது இந்தப் பூச்சிதான். நமக்கு இது வெறும் பூச்சிக் கதை அல்ல, ஹலால் சம்பந்தமான விஷயம். 2012-ல் மலேசிய தேசிய பத்வாக் குழு இதனைப் பரிசீலித்து, தீங்கு விளைவிக்காத அளவில் உணவிலும் பானத்திலும் பொருள்களிலும் சேர்க்கலாம் என்று முடிவு கூறியது. பூச்சியை உண்பது ஆகாது என்ற அடிப்படையில் இதைத் தவிர்க்கச் சொல்லும் உலமாக்களும், முக்கியமாக ஹனபி மத்ஹபினரில், உண்டு. நம்மில் ஷாபிகளும் இருக்கிறார்கள், ஹனபிகளும் இருக்கிறார்கள், வாடிக்கையாளரிலும் அப்படியே. வாடிக்கையாளர் கேட்டால் "தெரியாது" என்று சொல்லாமலிருக்க, சிவப்புச் சாயம் எதிலிருந்து வந்தது என்பதைச் சரக்கு அனுப்புகிறவரிடம் எழுத்து மூலமாகவே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நலம். 'அனுமதிக்கப்பட்ட சாயம்' என்று மட்டும் அச்சிட்ட உறைகளுக்கு இது இன்னும் அவசியம். நீங்களே சரக்குத் தயாரிப்பவராயின் உங்கள் மாநில மார்க்க இலாகாவைக் கலந்துகொள்ளுங்கள்.

இவ்வளவையும் கேட்ட அந்த இளைஞர் கையிலிருந்த பூவா நாகாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் இதன் சிவப்பும் பூச்சியா, மாமா?" என்றார். நல்ல கேள்வி. இல்லை. பழத்தின் சிவப்பு செடியின் சொந்தச் சாயம். பீட்ரூட் கிழங்கில் இருக்கும் இனத்தைச் சேர்ந்தது. பூச்சியின் சிவப்பு பூச்சியே தன் உடலில் செய்துகொள்வது. கடைக்காரர் கத்தியை எடுத்து ஒரு பழத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அவரிடம் நீட்டினார்.